நுரையீரலின் வழியைக் கண்ட மேதை இப்னு நஃபீஸ் (ரஹ்)

சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் வழியில், ஆந்திர எல்லையை ஒட்டி நிற்கும் எங்கள் திருத்தணி மலைக்கு 365 படிகள் உண்டு. ஆண்டின் ஒரு நாளுக்கு ஒரு படி என்று ஊரார் கணக்குச் சொல்வர். ஆடிக் கிருத்திகையன்று காவடி சுமந்து ஏறுகிறவரும், டிசம்பர் 31ஆம் நாள் இரவு படித்திருவிழாவுக்கு வருகிறவரும், மேலே உள்ள கடைக்குச் சுமை தூக்கிச் செல்லும் கூலித் தொழிலாளியும், அவரவர் எந்தச் சமயத்தைச் சேர்ந்தவராயினும், பாதி தூரம் ஏறியதும் ஒன்றுபோலவே நின்று மூச்சு வாங்குகின்றனர். மார்பு விம்மித் தாழ்கிறது. இதயம் காதுக்குள் அடிப்பதுபோல் ஒலிக்கிறது.

அப்போது உள்ளே இழுக்கப்படும் காற்று எங்கே போகிறது? நுரையீரலுக்குள் போன காற்று, படியேறும் காலின் தசைக்கு எப்படி வந்து சேருகிறது? இன்று பள்ளிச் சிறுவனும் விடை சொல்லி விடுவான். ஆனால், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாக உலகத்தின் மிகப் பெரிய மருத்துவ மேதைகள் இதற்குத் தவறான விடையையே சொல்லி வந்தனர் என்பதையும், அந்த விடையை முதன்முதலில் எழுத்தில் மறுத்தவர் ஹதீஸும் ஃபிக்ஹும் கற்றுக் கற்பித்த ஒரு மார்க்க அறிஞர் என்பதையும் நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவர்களே அலாவுத்தீன் அபுல் ஹஸன் அலீ இப்னு அபில் ஹஸ்ம் அல்குறஷீ அவர்கள். இப்னு நஃபீஸ் என்னும் பெயரால் உலகம் அறிந்தவர்கள்.

இப்பெயரிலேயே ஒரு நயம் உண்டு. நஃபீஸ் என்றால் விலைமதிப்புள்ளது. அதே மூன்று வேரெழுத்துக்களிலிருந்தே நஃபஸ் என்னும் சொல்லும் பிறக்கிறது. அதற்கு மூச்சு என்பது பொருள். தனஃப்ஃபுஸ் என்றால் சுவாசித்தல். நஃப்ஸ் என்றால் ஆன்மா. அரபு இலக்கணம் ஓதிய மாணவன் எவனும் இதைக் கண்டு புன்னகை செய்யாமல் இருக்க மாட்டான்.

அவர்கள் கி.பி. 1210ஐ ஒட்டிய ஆண்டுகளில் டமாஸ்கஸ் பகுதியில் பிறந்தார்கள். டமாஸ்கஸ் நகரில் சுல்தான் நூருத்தீன் ஸங்கீ அவர்கள் 12ஆம் நூற்றாண்டில் நிறுவிய நூரீ மருத்துவமனை அக்காலத்தில் பெரும் புகழ் பெற்றிருந்தது. நோயாளிகளைப் பார்ப்பதும் மாணவர்க்குப் பாடம் சொல்வதும் ஒரே இடத்தில் நடந்தன. அங்கே முஹத்தபுத்தீன் தக்வார் என்னும் பேராசிரியரின் வட்டத்தில் இவர்கள் மருத்துவம் கற்றார்கள். அதே வட்டத்தில் கற்ற மற்றொருவர் இப்னு அபீ உஸைபிஆ. அவர் பிற்காலத்தில் நானூறுக்கும் மேற்பட்ட மருத்துவர்களின் வரலாற்றைத் தொகுத்துப் பெரும் நூல் ஒன்று எழுதினார். அந்நூலின் வழக்கமான பிரதிகளில் இப்னு நஃபீஸ் அவர்களுடைய பெயரைக் காணோம்! கூடப் படித்தவரின் பேனாவிலிருந்தே அவர்கள் தப்பி விட்டார்கள்.

மருத்துவத்தோடு மார்க்கக் கல்வியையும் அவர்கள் விடாது பயின்றார்கள். ஏறக்குறைய 1236இல் எகிப்துக்குக் குடிபெயர்ந்தபின், கெய்ரோவின் மஸ்ரூரிய்யா மதரஸாவில் ஷாஃபிஈ மத்ஹபின் ஃபிக்ஹைப் போதித்தார்கள். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற நம் கடலோர ஊர்களில் இன்றளவும் பின்பற்றப்படும் அதே மத்ஹபுதான். ஹதீஸ் கலையின் விதிகளைப் பற்றி ஒரு சுருக்க நூலும் எழுதினார்கள். ஷாஃபிஈ அறிஞர்களின் வரலாற்றைத் தொகுத்த தாஜுத்தீன் சுப்கீ அவர்கள், அந்த அறிஞர் வரிசையில் இவர்களுக்கும் இடம் அளித்துள்ளார்கள். மருத்துவர் ஒருவர் ஓய்வு நேரத்தில் மார்க்கம் படித்தார் என்று இதைக் கொள்ளலாகாது. இரண்டு துறைகளிலும் அவர்கள் ஆசிரியர்.

ஹதீஸ் கலையைக் கற்றவன், ஒரு செய்தி எவ்வளவு பெரிய மனிதரின் வாயிலிருந்து வந்தாலும் அது எப்படி வந்தது, யாரிடமிருந்து வந்தது, ஏற்கத் தகுமா என்று வினவப் பழகியவன். அந்தப் பழக்கமே இவர்களை நுரையீரலின் வாயிலுக்கு அழைத்துச் சென்றது என்பது என் எண்ணம்.

விஷயத்துக்கு வருவோம். இதயத்தில் வலப்புறம் ஓர் அறை, இடப்புறம் ஓர் அறை. இரண்டுக்கும் நடுவே கனத்த தசைச் சுவர். யவன நாட்டுப் பேரறிஞர் காலன், அதாவது நம் அரபு நூல்கள் ஜாலீனூஸ் என்று அழைக்கும் மேதை, இந்த நடுச்சுவரில் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் இருப்பதாகவும், வலப்புற இரத்தம் அவற்றின் வழியே கசிந்து இடப்புறம் சென்று, நுரையீரலிலிருந்து வரும் காற்றோடு அங்கே கலப்பதாகவும் கூறினார். எனவே, நுரையீரல் பெரும்பாலும் இதயத்துக்குக் காற்று விசிறும் துருத்தியாகவே கருதப்பட்டது. 1037இல் மறைந்த ஷைகுர் ரயீஸ் இப்னு ஸீனா அவர்களும் தம்முடைய புகழ்பெற்ற கானூன் நூலில் இந்தக் கருத்தையே தழுவி நின்றார்கள். ஜாலீனூஸ் சொன்னார், இப்னு ஸீனா ஒப்புக்கொண்டார் என்றால் அதற்குமேல் யார் வாய் திறப்பார்?

இப்னு நஃபீஸ் அவர்கள் வாய் திறந்தார்கள். கானூனின் உடற்கூற்றுப் பகுதிக்கு அவர்கள் எழுதிய ஷர்ஹு தஷ்ரீஹில் கானூன் என்னும் விரிவுரை 1242ஆம் ஆண்டுக்குள் எழுதி முடிக்கப்பட்டு விட்டது. அப்போது அவர்களுக்கு வயது முப்பதை ஒட்டித்தான் இருக்கும். இதயத்தின் நடுச்சுவர் கெட்டியானது. அதில் கண்ணுக்குத் தெரியும் துளையும் இல்லை, தெரியாத துளையும் இல்லை என்று அதில் அவர்கள் உறுதியாக எழுதினார்கள். அப்படியானால் வலப்புற இரத்தம் இடப்புறம் செல்வது எங்ஙனம்? வலப்புற அறையிலிருந்து ஒரு பெருங்குழாய் வழியாக அது நுரையீரலுக்குச் செல்கிறது. அங்கே பரவிக் காற்றோடு கலந்து தூய்மை பெறுகிறது. பின்னர் வேறொரு குழாய் வழியாக இதயத்தின் இடப்புறம் திரும்புகிறது என்று வழி காட்டினார்கள். நுரையீரலுக்குச் செல்லும் குழாய் கனத்த சுவருடனும், அங்கிருந்து திரும்பும் குழாய் மெல்லிய சுவருடனும் இருப்பதற்குக் காரணம் என்ன என்றும் ஆராய்ந்தார்கள். அவ்விரு குழாய்களுக்கும் இடையே நுண்ணிய வாயில்கள் இருந்தாக வேண்டும் என்றும் முடிவு செய்தார்கள். நுண்ணோக்கி என்னும் கருவி மனிதர் கைக்கு வராத காலம் அது! இத்தாலியரான மால்பீகி 1661இல் தவளையின் நுரையீரலில் அந்த நுண்குழாய்களைக் கண்ணால் கண்டு எழுதியபோது இவர்கள் மறைந்து 370 ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன.

இதயம் தன் அறைக்குள் இருக்கும் இரத்தத்தை அப்படியே உறிஞ்சி உண்பதில்லை, தன் சதைக்குள்ளே ஓடும் நாளங்களாலேயே ஊட்டம் பெறுகிறது என்பதும் அவர்கள் சொன்ன மற்றொன்று. மாரடைப்பு என்னும் நோயை அந்த நாளங்களின் அடைப்பு என்று இன்று அறிந்திருக்கும் நமக்கு இதன் அருமை தெரியும்.

இவ்வளவையும் அவர்கள் சடலத்தை அறுத்துப் பார்த்தா கண்டார்கள்? ஷரீஅத்தின் தடையும் தம் இயல்பான இரக்கமும் தம்மை அறுவை ஆராய்ச்சியிலிருந்து விலக்கியதாக அவர்களே நூலின் தொடக்கத்தில் குறிப்பிடுகிறார்கள். ஆயினும் சில இடங்களில், அறுத்துப் பார்த்தால் முன்னோர் சொன்னது பொய்யென்று தெரிகிறது என்ற தொனியில் எழுதவும் செய்கிறார்கள். ஆராய்ச்சியாளர்களிடையே இதைப் பற்றி இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். நம் மேடைகளில் சிலர், இரத்த ஓட்டம் முழுவதையும் இப்னு நஃபீஸ் அவர்களே கண்டு விட்டார்கள், ஹார்வி வெறும் திருடன் என்று முழங்குவதுண்டு. இது நியாயமன்று. இதயத்திலிருந்து நுரையீரல் சென்று திரும்பும் சிறு சுற்றையே இவர்கள் கண்டார்கள். உடல் முழுவதும் சென்று திரும்பும் பெருஞ்சுற்றை அளந்து மெய்ப்பித்தவர் ஆங்கிலேயரான வில்லியம் ஹார்வி. அவருடைய நூல் 1628இல் வெளிவந்தது. இடப்புற இதயத்தில் இரத்தமும் காற்றும் கலந்து உயிராவி உண்டாகிறது என்ற பழைய கருத்திலிருந்தும் இப்னு நஃபீஸ் அவர்கள் விலகி விடவில்லை. உள்ளதைச் சொன்னாலே அவர்களுடைய புகழுக்குப் போதும். இல்லாததைச் சேர்த்துச் சொல்வது, ஆதாரம் கேட்டே வாழ்ந்த ஒருவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

இப்போது மீண்டும் நம் படிக்கட்டுக்கு வாருங்கள். அவர்கள் காட்டிய அந்தச் சிறு வழியில் என்ன நடக்கிறது என்பதை இன்றைய அறிவைக்கொண்டு பார்ப்போம்.

அடிவாரத்தில் அமைதியாக அமர்ந்திருக்கும் மனிதர் நிமிடத்துக்கு 12 முதல் 16 முறை மூச்சு விடுகிறார். ஒவ்வொரு மூச்சிலும் ஏறத்தாழ அரை லிட்டர் காற்று உள்ளே செல்கிறது. மார்புக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள உதரவிதானம் என்னும் தசைத்திரை கீழே தாழ, மார்புக்கூடு விரிய, காற்று தானாக உள்ளே புகுகிறது. நுரையீரலுக்குத் தன்னை விரித்துக்கொள்ளும் தசை கிடையாது. மூச்சுக்குழாய் கிளை கிளையாகப் பிரிந்து முடியும் இடத்தில் முப்பது கோடிக்கும் மேற்பட்ட காற்று நுண்ணறைகள் உள்ளன. அவற்றின் சுவர்களை விரித்துப் பரப்பினால் சுமார் 70 சதுர மீட்டர் தேறும். ஒவ்வொரு நுண்ணறையையும் இரத்த நுண்குழாய்கள் வலைபோல் சூழ்ந்திருக்கின்றன. காற்றுக்கும் இரத்தத்துக்கும் நடுவே உள்ள சவ்வு ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கை விடவும் மெல்லியது. இங்கேதான் பிராணவாயு இரத்தத்தில் ஏறுகிறது, கரியமிலவாயு இறங்குகிறது.

அம்மனிதர் எழுந்து படியேறத் தொடங்குகிறார். வியப்பு என்னவெனில், இரத்தத்தில் எந்த மாற்றமும் தோன்றுவதற்கு முன்பே, முதல் சில படிகளிலேயே அவருடைய மூச்சு மிகுந்து விடுகிறது. காலுக்கு ஏறு என்று கட்டளையிடும் மூளையே மூச்சுக்கும் செய்தி அனுப்பி விடுகிறது. அசையும் தசைகளும் மூட்டுகளும் தம் பங்குக்குச் செய்தி அனுப்புகின்றன. பிறகு தசைகள் உழைக்க உழைக்கக் கரியமிலவாயு மிகுதியாக உண்டாகிறது. மூளையின் அடிப்பகுதியில் உள்ள சுவாச மையம் அதைக் கணமும் தவறாமல் உணர்ந்து மூச்சின் ஆழத்தையும் வேகத்தையும் கூட்டுகிறது. நம்மை மூச்சு வாங்கச் செய்வது பிராணவாயுவின் குறைவு என்று பலரும் நினைக்கின்றனர். நலமாயிருப்பவரிடம் சுவாசத்தை முதன்மையாக ஆட்டுவிப்பது வெளியேற வேண்டிய கரியமிலவாயுவே. அமர்ந்திருக்கையில் நிமிடத்துக்கு ஆறு முதல் எட்டு லிட்டர் காற்றை உட்கொண்டவர், கடும் உழைப்பின்போது நூறு லிட்டரையும் கடந்து உட்கொள்ள இயலும்.

காற்று மட்டும் மிகுந்தால் போதுமா? இரத்தம் வந்து வாங்கிக்கொள்ள வேண்டாமா? ஓய்வில் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஐந்து லிட்டர் இரத்தத்தைச் செலுத்தும் இதயம், கடும் பயிற்சியில் இருபது லிட்டர் வரையிலும், பயிற்சி மிக்க வீரரிடம் அதற்கு மேலும் செலுத்துகிறது. கைக்கு இவ்வளவு, தலைக்கு இவ்வளவு என்று பங்கிட்டுச் செல்லும் மற்ற ஓட்டங்களைப் போலன்றி, உடலிலிருந்து திரும்பி வரும் இரத்தம் அத்தனையும் நுரையீரலைக் கடந்தாக வேண்டும். இப்னு நஃபீஸ் அவர்கள் சொன்னதுபோல் இதயத்துக்குள் வேறு குறுக்கு வழி இல்லை. இந்த வெள்ளத்தை நுரையீரல் எப்படித் தாங்குகிறது? ஓய்வில் மூடிக் கிடக்கும் நுண்குழாய்கள், சிறப்பாக நுரையீரலின் மேற்பகுதியில் உள்ளவை, உழைப்பின்போது திறந்து கொள்கின்றன. திறந்திருப்பவை மேலும் விரிகின்றன. ஆகவே ஓட்டம் நான்கு மடங்கானாலும் அழுத்தம் அந்த அளவுக்கு ஏறுவதில்லை. ஓய்வில் ஓர் இரத்த அணு நுரையீரலின் நுண்குழாயைக் கடக்க முக்கால் விநாடி ஆகிறது. கடும் உழைப்பில் கால் விநாடியே கிடைக்கலாம். அந்தக் கால் விநாடிக்குள்ளும், நலமுள்ள பெரும்பாலோரிடம், இரத்தம் தனக்கு வேண்டிய பிராணவாயுவை ஏறக்குறைய முழுமையாக நிரப்பிக்கொண்டு விடுகிறது. படைத்தவன் வைத்திருக்கும் சேமிப்பு அது.

ஆகவே, பாதிப் படியில் நின்று இரைப்பவர் தம் நுரையீரல் சிறியது என்று குறைபட வேண்டியதில்லை. நோயில்லாதவரிடம் பெரும்பாலும் எல்லை வகுப்பது இதயத்தின் ஆற்றலும் தசைகளின் பழக்கமுமே. நாள்தோறும் சுமையுடன் ஏறும் தொழிலாளி இரைக்காமல் ஏறுகிறார் என்றால், அவருடைய நுரையீரல் பெரிதாகி விட்டது என்பதன்று பொருள். வளர்ந்தவரின் நுரையீரல் பயிற்சியால் அதிகம் பெருப்பதில்லை. அவருடைய இதயம் ஒரு துடிப்புக்கு அதிக இரத்தத்தைச் செலுத்தப் பழகி விட்டது. அவருடைய கால் தசைகளில் நுண்குழாய்கள் பெருகி, வரும் பிராணவாயுவை நன்கு பயன்படுத்தக் கற்று விட்டன. அதே படிக்கு அவருக்குக் குறைந்த மூச்சே போதுமானதாகிறது. சில வாரங்கள் தொடர்ந்து விரைந்து நடப்பவர் எவரும் இதைத் தம் உடலிலேயே உணரலாம். ஆனால், நடக்கும்போது நெஞ்சில் வலியோ இறுக்கமோ தோன்றினாலும், முன்பு இரைக்காத தூரத்துக்கு இப்போது இரைத்தாலும், அதைப் பயிற்சிக் குறை என்று தள்ளி விடாமல் மருத்துவரிடம் செல்க.

பழைய யூனானி நூல்களில் உடற்பயிற்சிக்கு ரியாழா என்று பெயர். சூஃபியாக்கள் நஃப்ஸை அடக்கும் பயிற்சிக்கும் இதே சொல்லை வழங்குவர். இப்னு ஸீனா அவர்கள் இதற்கு வகுத்த இலக்கணம் சிந்திக்கத் தக்கது. மனிதன் தன் விருப்பத்தால் செய்யும் எந்த அசைவு ஆழ்ந்த, அடுத்தடுத்த மூச்சுக்கு அவனைக் கட்டாயப்படுத்துகிறதோ அதுவே பயிற்சி என்பது அதன் கருத்து. மூச்சே அளவுகோல்! இன்றைய மருத்துவர் நடைப்பயிற்சி செய்பவரிடம், பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகமே போதும் என்று சொல்வதும் மூச்சை வைத்தே அளப்பதன்றோ? வயிறு நிறைய உண்டவுடன் பயிற்சி செய்யலாகாது என்பதும் அந்நூல்களின் அறிவுரை. மதியம் பிரியாணி உண்டு உடனே மலையேறத் துணிகிறவர்கள் கவனிக்கவும்.

கெய்ரோவில் இப்னு நஃபீஸ் அவர்களுடைய வாழ்வு உயர்ந்துகொண்டே சென்றது. எகிப்தின் தலைமை மருத்துவர் ஆனார்கள். 1260 முதல் 1277 வரை ஆட்சி செய்த சுல்தான் ழாஹிர் பைபர்ஸுக்கு மருத்துவம் பார்த்தார்கள். பாக்தாத் மங்கோலியரின் கையில் 1258இல் வீழ்ந்து, அதன் நூலகங்கள் அழிந்த காலம் அது. அந்தக் காலத்தில் இவர்கள் அஷ்ஷாமில் என்னும் மருத்துவப் பெருங்களஞ்சியத்தை முந்நூறு பாகங்களில் எழுதத் திட்டமிட்டு, எண்பது பாகங்களை எழுதி முடித்தார்கள். நூல் எதையும் புரட்டிப் பார்க்காமல், பேனாக்களைச் சீவிப் பக்கத்தில் வைக்கச் சொல்லி, சுவரை நோக்கி அமர்ந்து, வெள்ளம்போல் எழுதுவார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் வருணிக்கின்றனர். ஒருமுறை பொதுக் குளியலகத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள், பாதியில் வெளியே வந்து தாளும் மையும் வரவழைத்து, நாடித் துடிப்பைப் பற்றி ஒரு சிறுநூலை எழுதி முடித்து விட்டு, மீண்டும் உள்ளே சென்று குளியலை முடித்தார்களாம்! அவர்கள் மணம் புரிந்துகொள்ளவில்லை.

அவர்களுடைய இறுதி நாட்களில் ஒரு நிகழ்ச்சி. நோய்வாய்ப்பட்டிருந்தபோது மருத்துவ நண்பர்கள் சிலர், மருந்தாகச் சிறிது மது அருந்தும்படி வற்புறுத்தினர். உடலில் மது இருக்கும் நிலையில் தம் இறைவனைச் சந்திக்கத் தாம் விரும்பவில்லை என்று மறுத்து விட்டார்கள். ஹிஜ்ரி 687 துல்கஅதா மாதத்தில், அதாவது கி.பி. 1288 டிசம்பரில், கெய்ரோவில் அவர்களுடைய மூச்சு நின்றது. தம் வீட்டையும் நூல்கள் அனைத்தையும், சுல்தான் கலாவூன் 1284இல் கட்டிய மன்சூரீ மருத்துவமனைக்கு எழுதி வைத்து விட்டார்கள்.

அதன்பின் அவர்களுடைய நூல்களுக்கு நேர்ந்ததுதான் மனத்தை உறுத்துகிறது. கானூனைச் சுருக்கி அவர்கள் எழுதிய மூஜஸ் என்னும் கைந்நூல் எங்கும் பரவியது. அதற்கு உரைகள் எழுந்தன. அவ்வுரைகளுக்கும் உரைகள் எழுந்தன. இந்தியாவின் யூனானி மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக அதை ஓதினர். 1828இல் அது கல்கத்தாவில் அச்சேறியது. ஆனால், கானூனின் மற்றப் பகுதிகளையெல்லாம் சுருக்கிய அந்நூலில் உடற்கூற்றுப் பகுதி மட்டும் இடம்பெறவில்லை! நுரையீரலின் வழி எழுதப்பட்டிருந்தது விரிவுரையில். கையோடு கைமாறிச் சென்றதோ சுருக்கம். பழைய உரையாளர் ஓரிருவர் அக்கருத்தை எடுத்துக் கூறினர் என்பது உண்மை. ஆயினும் பாடம் சொன்ன பெரும்பாலோர் ஜாலீனூஸின் துளைகளையே தொடர்ந்து சொல்லி வந்தனர். எந்தக் கண்மூடித்தனத்தை அவர்கள் உடைத்தார்களோ, அவர்களுடைய பெயரைச் சொல்லி ஓதிய நாமே அதற்குள் மீண்டும் புகுந்து கொண்டோம்.

ஐரோப்பாவில் ஸ்பெயின் நாட்டு செர்வெத்தஸ் 1553இலும், இத்தாலியரான கொலம்போ 1559இலும் நுரையீரல் வழியை எழுதினர். செர்வெத்தஸ் தம் சமயக் கருத்துகளுக்காக அதே 1553இல் ஜெனீவாவில் எரிக்கப்பட்டார். இத்தாலியின் அல்பாகோ என்பவர் டமாஸ்கஸில் பல்லாண்டுகள் தங்கி, இப்னு நஃபீஸ் அவர்களுடைய எழுத்தில் ஒரு பகுதியை லத்தீனில் பெயர்த்திருந்தார். அது 1547இல் அச்சாகியது. ஆனால், நுரையீரலைப் பற்றிய பகுதி அந்த அச்சுநூலில் இல்லை.

1924இல், ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த முஹ்யித்தீன் தத்தாவீ என்னும் எகிப்திய இளம் மருத்துவர், பெர்லின் நூலகத்தில் இருந்த ஷர்ஹின் கையெழுத்துப் பிரதியைப் படித்து, அதன் பொருளைத் தம் ஆய்வேட்டில் வெளியிட்டார். அந்த ஆய்வேடு அச்சேறவில்லை. கெய்ரோவில் வாழ்ந்த ஜெர்மானியக் கண் மருத்துவர் மாக்ஸ் மேயர்ஹோஃப் 1930களில் இதைப் பற்றிக் கட்டுரைகள் எழுதிய பிறகே அறிஞர் உலகம் திரும்பிப் பார்த்தது. அந்த விரிவுரையின் மூலம் கெய்ரோவில் முறையாகப் பதிப்பிக்கப்பட்டு வெளிவந்த ஆண்டு 1988. அதை எழுதியவர்கள் அதே நகரில் மறைந்து அப்போது சரியாக எழுநூறு ஆண்டுகள் ஆகியிருந்தன.